ஆமிக் குவாட்டர்ஸில் பதினொரு மாதம் இருந்த என் மச்சாளுக்கு

என் அன்பு ஸ்ரெல்லா மச்சாள்,

உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் முதலில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "உதுக்கேன் கடிதம்? ஒரு கோல் அடிச்சாப் போச்சு." உங்களுடைய கடைசி வருடங்களில் அப்படித்தானே செய்தோம். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் உங்கள் பதினோராம் மாடியிலிருந்து ரூஜில் எங்கள் வீட்டுக்கு நாளுக்கு ஒரு கோல். நான் கதைக்கத் தொடங்குமுன் நீங்கள் வைத்துவிடுவீர்கள். "சரி, இருக்கிறீர் எண்டு தெரிஞ்சுது, வையும்." இப்போது வைத்துவிட முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். ஆகவே முழுவதையும் கேட்டே ஆக வேண்டும்.

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. போன ஞாயிறு ஆண்டுப் பூசை. வந்தவர்களுக்கு றோல்சும் தேத்தண்ணியும் கொடுத்தோம். றோல்சில் எண்ணெய் கொஞ்சம் கூட. நீங்கள் இருந்திருந்தால் கடைக்காரரைத் தேடிப் போய்ச் சண்டை பிடித்திருப்பீர்கள். நான் பேசாமல் பேப்பர் துவாயால் ஒற்றி ஒற்றிப் பரிமாறினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குசினி மேசையில் ஒரு படிவம் கிடக்கிறது. ஜெறோமுக்குப் படையில் மறுபடியும் வெளிநாட்டுப் போஸ்ரிங். இந்த முறை இத்தாலி. மூன்று வருடம். குடும்பமும் கூடப் போகலாம், அல்லது அவர் தனியாகப் போய் நாங்கள் இங்கேயே இருக்கலாம். எது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெறோமைக் கேட்டால், "உன்ர விருப்பம்" என்கிறார். உங்கள் தம்பியின் வாயிலிருந்து இதைவிட நீளமாக ஒரு வசனத்தைப் பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மற்ற எல்லோரும் "நில்" என்றுதான் சொல்கிறார்கள். அஞ்சலிக்குப் பதினாலு வயது, ஹைஸ்கூல் தொடங்கியிருக்கிறாள். படிவத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆர் யூ சீரியஸ்? என்ர ஃபிரெண்ட்ஸ் எல்லாம் இஞ்ச" என்று கதவை அடித்துச் சாத்தினாள். ஜோயலுக்கு ஒன்பது. அவனுக்கு இத்தாலி என்றால் பீட்சா. மில்லிக்கனில் நான் வேலை செய்கிற பல் டொக்டரின் கிளினிக்கில் என்னை இப்போதுதான் மனேஜர் ஆக்கியிருக்கிறார்கள். ஆறு வருடம் ரெலிபோன் எடுத்தவளுக்குக் கடைசியாக ஒரு கதவுள்ள அறை. என் அம்மாவோ, "ஆம்பிளை போய் உழைச்சிட்டு வரட்டும், நீ பிள்ளையளோட இரு" என்று ஒரே பிடி.

நேற்றுவரை எனக்கு எது சரி என்று தெரியவில்லை. கேட்க வேண்டிய ஒரே ஆள் நீங்கள். ஏனென்றால் அந்தப் படைத்தள வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்த எங்கள் ஆள் நீங்கள் ஒருவர்தான்.

ஜேர்மனி ஞாபகம் இருக்கிறதா என்று உங்களைக் கேட்பது மடத்தனம். ஆனாலும் இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காக ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெறோம் கனடாப் படையில் விமானம் திருத்துகிறவர். கல்யாணம் முடித்துக் கொஞ்சக் காலத்தில் படையில் சேர்ந்தார். அஞ்சலிக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஜேர்மனியில் ஒரு தளத்துக்கு அனுப்பினார்கள். பல நாட்டுக்காரர் சேர்ந்திருந்த தளம். வெளிவேலிக்குள்ளேயே குடும்பங்களுக்கு வீடுகள், நீள வரிசையாக. ஒரே நிறம், ஒரே கதவு, ஒரே யன்னல். ஒருநாள் குப்பை போட்டுவிட்டு வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்கப் பாடுபட்டுக்கொண்டு நின்றேன். வீட்டைக் கையில் தரும்போது ஒரு மனிதர் பட்டியலோடு வந்து கரண்டி எத்தனை, கதிரை எத்தனை, சுவரில் ஆணித் துளை எத்தனை என்று எழுதிக்கொண்டார். போகும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். இரவல் சாமான்களுக்குக் காவல் இருக்கத்தான் என்னைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

ஒவ்வொரு வாசலிலும் ஒரு பலகை இருந்தது. படையில் இருப்பவரின் பதவியும் பெயரும். எங்கள் வாசலில் "கோப்ரல் சூசைப்பிள்ளை." என் பெயர் எங்கும் இல்லை. அவர்களுடைய கடிதங்களில் நான் ஒரு டிப்பென்டன்ற், அவரைச் சார்ந்திருக்கிற ஒரு ஆள். வந்த முதல் நாளே ரொறன்ரோவிலிருந்து தூக்கிக்கொண்டு போன ரைஸ் குக்கரை அங்கத்தைய கரண்டில் செருகிப் புகைய விட்டேன். அன்று தொடங்கிய அழுகை.

ஜெறோம் இரண்டு கிழமை, மூன்று கிழமை என்று போய்விடுவார். எங்கே என்று சொல்ல மாட்டார். ஜோயல் பிறந்து மூன்று மாதம். வெளியே பனி, பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு. ஒருநாள் இரண்டு பெட்டிகளை எடுத்துக் கட்டிலில் வைத்துப் பிள்ளைகளின் உடுப்பை அடுக்கிவிட்டு, முதலில் என் அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். "வா பிள்ளை, இப்பவே வா" என்றார். பிறகு உங்களுக்கு எடுத்தேன். ஏன் எடுத்தேன்? நாலு வருடமாக நீங்கள் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. ஜெறோமோடு ஒரு சொல் பேசவில்லை. என்னோடு சேர்ந்து அவரைத் திட்ட ஒரு ஆள் வேண்டும் என்று ஆசைப்பட்டேனாக்கும்.

"மச்சாள், நான் பிள்ளையளோட ஸ்காபரோவுக்கு வாறன். திரும்பிப் போற எண்ணம் இல்லை. என்னால ஏலாது" என்றேன்.

மறுமுனையில் நீங்கள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னீர்கள்: "நீர் அங்கயே இரும். நான் வாறன்."

எனக்கு விளங்கவில்லை. "நீங்களோ? ஆமிக்காம்புக்கோ?"

"ஓம். எனக்கு வேலையில லே-ஓஃப் தந்து கொஞ்சக் காலத்துக்கு நிப்பாட்டிட்டாங்கள். சும்மாதான் குந்தியிருக்கிறன். நீர் வெளிக்கிட இருந்த கதை அவனுக்குத் தெரியக் கூடாது. அக்கா பொழுதுபோகாமல் வாறா எண்டு சொல்லும்."

அந்த "நான் வாறன்" எவ்வளவு பெரிய சொல் என்று அப்போது எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஊரில் சண்டைக் காலம், உங்களுக்குப் பத்தொன்பது வயது, ஜெறோமுக்கு எட்டு. அம்மா ஏற்கெனவே இறந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு காலை, ஐஸ் கொம்பனிக்கு வேலைக்குச் சைக்கிளில் போன ஐயாவைச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக நீங்கள் ஒவ்வொரு காம்ப் வாசலாகப் போய் நின்றிருக்கிறீர்கள். கையில் அடையாள அட்டை, ஐயாவின் ஒரு படம். "சூசைப்பிள்ளை இருக்கிறாரோ?" "அப்படி ஒருத்தரும் இல்லை." அடுத்த வாசல். அதே கேள்வி, அதே பதில்.

அப்படிப்பட்ட உங்களுக்கு, நீங்களே தூக்கி வளர்த்த தம்பி படையில் சேர்ந்தான் என்பதே பேரிடி. ஆனால் நீங்கள் பேச்சை நிறுத்தியது அதற்காக இல்லை. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? கனடாவுக்கு வந்து படிவம் நிரப்பும்போது தகப்பன் பெயரை எழுதினோம், அதுவே பிள்ளைகளின் பெயராகிவிட்டது. ஜெறோம் முதல் தடவை சீருடையோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டியபோது, அவருடைய நெஞ்சில் தைத்திருந்த பெயரைப் பார்த்தீர்கள். "ஐயாவின்ர பேரை ஆமிச் சட்டையில தைச்சு வச்சிருக்கிறியோ?" என்று கேட்டீர்களாம். அவ்வளவுதான். நாலு வருடம்.

வந்தீர்கள். ஒரு பெட்டி உடுப்பு, இரண்டு பெட்டி கறித்தூள், கருவாடு, பனம் பினாட்டு. விமான நிலையத்துக்கு ஜெறோம் சாதாரண உடுப்பில்தான் வந்தார். காரில் ஒன்றரை மணித்தியாலம் அக்காவும் தம்பியும் வாய் திறக்கவில்லை. அஞ்சலிதான் இடையில் இருந்து இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்துக்கொண்டு வந்தாள்.

தளத்தின் வாசலுக்கு வந்தோம். துவக்கோடு நின்ற காவற்காரர் கையைக் காட்ட, ஜெறோம் காரை நிறுத்தினார். அடுத்த நொடி பின்கதவு திறந்தது. நீங்கள் இறங்கிவிட்டீர்கள். தலையில் போட்டிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினீர்கள். பாஸ்போட்டைத் திறந்து இரண்டு கையாலும் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, கார் போகிற பாதையிலேயே மெதுவாக நடக்கத் தொடங்கினீர்கள். சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏறிய காலத்தில் எப்படி நடந்தீர்களோ அப்படியே.

காவற்காரர் "நில்" என்று ஏதோ மொழியில் கத்தினார். இன்னொருவர் ஓடி வந்தார். நான் காருக்குள் உறைந்துபோய் இருந்தேன். ஜெறோம் என்ன செய்தார் தெரியுமா? உங்களுக்குத் தெரியாது, நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தீர்கள். அவர் இன்ஜினை நிறுத்தினார். இறங்கித் தன்னுடைய அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தில் வந்து அதே வேகத்தில் நடந்தார். "என்ர அக்கா, சுட்டுப்போடாதேங்கோ, அவ சரியாத்தான் செய்யிறா" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே நடந்தார். பின்னால் பத்துக் கார் ஹோர்ன் அடிக்கிறது. எங்கள் காரின் இரண்டு கதவும் திறந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் போய் நின்று நிமிர்ந்த நீங்கள், பக்கத்தில் தம்பி நிற்பதைக் கண்டு, "காரை ஆரடா கொண்டு வாறது?" என்று கேட்டீர்கள். நாலு வருடத்துக்குப் பிறகு அவரோடு நீங்கள் பேசிய முதல் வசனம் அது.

காரை நடுப்பாதையில் விட்டதற்கு ஜெறோமுக்கு அடுத்த நாள் மேலதிகாரியிடம் நல்ல பேச்சு விழுந்தது. அதை இதுவரை உங்களுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் சட்டம் போட்டீர்கள். "உன்னைப் பாக்கத்தான் வந்தனான். உந்த உடுப்பைப் பாக்க இல்லை." அன்றிலிருந்து ஜெறோம் பின்பக்கத்தால் நிலக்கீழ் அறைக்குப் போய், சீருடையைக் கழற்றிச் சாரம் கட்டிக்கொண்டுதான் மேலே வருவார். காலையில் மறுபடி சாரத்தோடு கீழே இறங்குவார். பக்கத்து வீட்டு நோர்வேக்காரி இங்கிரிட், "உங்கள் கணவர் இரவில் நிலவறையில்தான் படுக்கிறாரா?" என்று என்னைக் கவலையோடு விசாரித்தாள். வாசற்பலகையை என்ன செய்வது? அதைக் கழற்றக் கூடாது, பட்டியலில் இருக்கிறது. நீங்கள் கொண்டுவந்த மடு மாதா படத்தை அதன்மேல் கொழுவிவிட்டீர்கள். தபால்காரர் இரண்டு நாள் குழம்பிப்போனார்.

உங்களைப் பெரிய தெய்வமாக்கிக் காட்ட நான் எழுதவில்லை, மச்சாள். உங்களோடு இருப்பது லேசான காரியமா? நான் வைத்த பருப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவீர்கள். ஒன்றும் சொல்லமாட்டீர்கள், அந்த மூடுகிற சத்தம் போதும். ஜோயலுக்கு ரப்பர்ச் சூப்பி கொடுப்பதா இல்லையா என்று ஒரு கிழமை சண்டை. ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்து வெளியே கொடியில் போட்டீர்கள். அங்கே ஞாயிறு என்றால் சத்தமும் இல்லை, கொடியில் உடுப்பும் இல்லை. வீட்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது, "ஆண்டவர் ஓய்வெடுத்தவர், சரி. பிள்ளை மூத்திரம் போறது ஓயேல்லையே, சொல்லும் அவருக்கு" என்று என்னை மொழிபெயர்க்க வைத்தீர்கள். நான் வேறு ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன்.

ஆனால் நீங்கள் அங்கே வாழ்ந்தீர்கள். நான் ஒரு வருடமாகச் செய்யாததை நீங்கள் ஒரு மாதத்தில் செய்தீர்கள். கிராமத்து வெதுப்பகத்துக்கு நடந்து போய், ஒரு சொல் ஜேர்மன் தெரியாமல், பாண் மாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கையாலேயே கேட்டு உள்ளே போனீர்கள். ஸ்காபரோவில் பாண் தொழிற்சாலையில் பதினேழு வருடம் நின்ற கை அல்லவா, அந்த வெதுப்பகக் கிழவர் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவருடைய அடுப்படியில் நீங்கள். படைவீரர்களின் மனைவிமார் கூடுகிற கோப்பிக் கூட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் நீங்கள்தான். ரின்மீன் கட்லட் ஒரு தட்டம் சுட்டு எடுத்துக்கொண்டு, "சும்மா இருந்து அழுகிறதுக்கு அங்க போய் இருந்து அழும், கோப்பி ஆவது தருவாளவை" என்றீர்கள். திரும்பி வரும்போது அவர்களைப் பற்றி வியந்துகொண்டு வந்தீர்கள். "புருசன் எங்க எண்டு தெரியாது. வருவானோ தெரியாது. கண்ணைத் துடைச்சுப்போட்டு எழும்பிப் புல்லு வெட்டுறாளவை. உவையும் எங்கட சனம்தான்."

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. நீங்கள் திரும்பிப் போக இன்னும் இரண்டு கிழமை இருந்தது. ஜோயலுக்குக் காய்ச்சல் ஏறி, என் மடியிலேயே உடம்பு விறைத்துக் கண் மேலே போய்விட்டது. இங்கிரிட் ஓடிவந்து அம்புலன்ஸுக்கு அடித்தாள். அதில் ஏறும்போது "அவருக்கு அறிவியுங்கோ" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. ஜெறோம் விமானத் திடலில். அங்கே உள்ளே போகுமுன் ரெலிபோனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். அந்த உள்வாசலுக்கு வெளியாட்கள் போவதும் இல்லை.

நீங்கள் அஞ்சலியை இங்கிரிட்டிடம் விட்டுவிட்டுச் செருப்போடு நடந்து போனீர்கள். அங்கே என்ன நடந்தது என்று அடுத்த நாள் மீன் வெட்டிக்கொண்டு நீங்கள் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறேன்.

"அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஆரைப் பாக்க வேணும் எண்டான். வாய் தானாச் சொல்லுது, சூசைப்பிள்ளை எண்டு. அவன் லிஸ்ற்றை எடுத்தான். விரலை வச்சு ஒவ்வொரு பேராப் பாத்துக்கொண்டு போறான். இல்லை எண்டு சொல்லப் போறான் எண்டு நான் திரும்பி நடக்கவே வெளிக்கிட்டிட்டன். அப்ப அவன் பின்னால கூப்பிடுறான். 'யெஸ் மேடம், ஹீ இஸ் ஹியர்' எண்டு."

அதற்குமேல் கத்தி நகரவில்லை. கொஞ்சம் பொறுத்து, "வந்தான். ஓடி வந்தான், உடம்பெல்லாம் கிறீஸ். நெஞ்சில ஐயாவின்ர பேர். ஒரு காம்ப் வாசலால அந்தப் பேரோட ஒருத்தன் உயிரோட வெளிய வந்ததை நான் கண்டிட்டன், மச்சாள்" என்றீர்கள். உங்களுக்கு முன்னால் நான் அழக் கூடாது என்று வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

ஜோயல் அன்றிரவே சிரித்தான். காய்ச்சல் வலிப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் ஜெறோம் வழமைபோலப் பின்பக்கம் போகத் திரும்பினார். நீங்கள் முன்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றீர்கள். "கள்ளன் மாதிரி ஏனடா பின்னால போறாய்? வாசலால வா." மாதாவைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் மேசைமேல் வைத்தீர்கள். சுவரில் புது ஆணி அடிக்க விடமாட்டார்களே.

அந்தக் கிழமையே ஜெறோமுக்கு ஐந்து மாதம் வெளியே போகும் கட்டளை வந்தது. எனக்கு மறுபடி பழைய எண்ணம். நீங்கள் ரிக்கற்றை மாற்றினீர்கள். "அங்க எனக்கென்ன வேலையோ வெட்டியோ? லே-ஓஃப் இன்னும் முடியேல்லை" என்றீர்கள். விசாவை நீட்டுவதற்கு ஜெறோம் எத்தனை கடிதம் எழுதினார். மூன்று மாதத்துக்கு வந்தவர் பதினொரு மாதம் இருந்தீர்கள். அவர் திரும்பி வந்து ஒழுங்காக நித்திரை கொள்ளத் தொடங்கிய பிறகுதான் புறப்பட்டீர்கள். அதற்குள் எனக்கும் அந்த வீடு வீடாகிவிட்டது. எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் கதவு மாறாமல் வந்திருப்பேன்.

பிறகு நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று மட்டும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னபடியே ஜெறோம் சீருடையோடுதான் உங்கள் சவப்பெட்டியைத் தூக்கினார். சில பேர் குசுகுசுத்தார்கள். "அவதானே கேட்டவ" என்று நான் உரக்கச் சொன்ன பிறகு வாயை மூடினார்கள். அன்று மண்டபத்தில், உங்களோடு பாண் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று வேலை செய்த கமலா அக்கா என் கையைப் பிடித்து அழுதார். "பதினேழு வருசச் சீனியோரிற்றியை விட்டிட்டு ஜேர்மனிக்குப் போனவளெல்லோ. திரும்பி வந்து புது ஆள் மாதிரி இராச் சிஃப்றில இருந்து தொடங்கினவள்" என்றார்.

"இல்லை அக்கா, லே-ஓஃப் எல்லோ?" என்றேன்.

"ஆர் சொன்னது? அவளை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. மூண்டு மாதம் லீவு கேட்டுப் போனவள். பிறகு வரமாட்டன் எண்டு அறிவிச்சிட்டாள். இடம் போயிட்டுது."

மச்சாள், ஒரு வருடமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். ரொறன்ரோவுக்கு நாங்கள் திரும்பி வந்த பிறகும், இரா வேலை முடிந்து காலையில் பஸ்ஸால் இறங்கி வரும் உங்களை எத்தனை நாள் நான் காரில் போகும்போது கண்டிருக்கிறேன். "இரா வேலைதான் எனக்குச் சுகம், சனம் குறைவு" என்றீர்களே. அதையும் நான் நம்பினேன்.

படிவம் வந்த பிறகு இனியும் மறைக்க முடியவில்லை. நேற்றுக் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் ஜெறோமை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நான் அப்போது பிள்ளைகளோடு போக வெளிக்கிட்டதை. நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதை. வேலையை விட்டதை. நான் நினைத்தது, அவர் என்மேல் கோபப்படுவார் என்று. அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்:

"நீ போக நினைச்சது எனக்குத் தெரிஞ்சிருந்தா, நான் அண்டைக்கே படையை விட்டிருப்பன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஏனென்றால் நீங்கள் அவரை வளர்த்தவர். அவர் அப்படித்தான் செய்வார் என்று உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? அந்தச் சீருடையை இந்த உலகத்தில் உங்களைப்போல வெறுத்தவர் ஒருவரும் இல்லை. அதை அவர் உடம்பிலிருந்து கழற்ற உங்களுக்கு ஒரு கோல் போதும். "உன்ர பெண்சாதி பெட்டி கட்டுறாள்" என்ற ஒரு வசனம் போதும். நாலு வருடமாகச் செபித்தது கைக்கு வந்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பெட்டி கட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் பயந்த வாசலைத் தேடி நீங்களே வந்தீர்கள். அவருக்குப் பிடித்த வேலையும் போகக் கூடாது, என் குடும்பமும் உடையக் கூடாது என்று. இவ்வளவு பெரிய மனதை வைத்துக்கொண்டு எப்படி மச்சாள் என் பருப்புச் சட்டியை அப்படி மூடினீர்கள்?

ஏன் என்னிடமாவது சொல்லவில்லை? நன்றி சொல்ல ஒரு தரம் விட்டிருக்கலாமே. சொல்லியிருந்தால், "சரி, வையும்" என்றுதான் வைத்திருப்பீர்கள் போல.

வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. இன்று காலை படிவத்தை நிரப்பிவிட்டேன். நீங்கள் உடையாமல் காத்த குடும்பம் கூடப் போகிறது. கிளினிக்கில் சொல்லிவிட்டேன். டொக்டர் முகம் சுருங்கினார், கதவுள்ள அந்த அறை இன்னொருத்திக்குப் போகும். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அஞ்சலி என்னோடு கதைப்பதில்லை. அவளைச் சமாளிக்க எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. பயம் இருக்கிறது. புது மொழி, புது வீடு, மறுபடி பட்டியலோடு வரப்போகிற ஒரு மனிதர். ஜெறோம் எங்கே என்று தெரியாமல் இரவில் படுக்கிற நாட்கள் மறுபடி வரும்.

ஆனபடியால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் அங்கே அழமாட்டேன் என்று சொல்லவில்லை. அழுவேன், உங்கள் தம்பியைத் திட்டுவேன், அந்த நாட்டையே திட்டுவேன். ஆனால் என்னால் ஏலாது என்று ஒருநாள் வந்தால், அதை முதலில் ஜெறோமின் முகத்தைப் பார்த்து ஜெறோமிடமே சொல்லுவேன். எனக்காகத் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டு, அதையும் சும்மா வந்தேன் என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை, மச்சாள். இருந்த ஒருவரும் நீங்கள்தான்.

உங்கள் தம்பியோடு கூடவே போகிற,
உங்கள் மச்சாள்
டிலானி